சோழவரத்துக் குட்டிக் கார்கள்

சென்னைப் பட்டணத்தைப் பார்க்க வருகிறவர்கள் தெற்கே போவார்கள். வடக்கே போக மாட்டார்கள். தெற்கே மயிலாப்பூர்க் கபாலீசுவரர் இருக்கிறார். அடையாற்று ஆலமரம் இருக்கிறது. இன்னும் சற்று நகர்ந்தால் மாமல்லபுரத்துச் சிற்பங்கள் இருக்கின்றன. வடக்கே என்ன இருக்கிறது? புகை இருக்கிறது, கருவாட்டு மணம் இருக்கிறது, லாரிகள் இருக்கின்றன என்பார்கள். திருவொற்றியூர்த் தியாகராஜப் பெருமானைத் தரிசிக்க வருகிற பக்தர்கள்கூடக் கோயிலுக்குள்ளே கண்ணைத் திறந்து, கோயிலுக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு ஊர் திரும்பி விடுகிறார்கள்.

நாமோ இருபது வருஷ காலமாக இந்த வட பாகத்திலேயே உபாத்திமைத் தொழில் செய்து வருகிறோம். ஆகையால் இந்தப் பக்கத்தை யாராவது இளப்பமாகப் பேசினால் கொஞ்சம் கோபம் வருவது இயற்கை. "தென்னாட்டில் வேகம் என்பது பிறந்த இடமே இதுதான், ஐயா!" என்று பதில் சொல்லுவோம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

இதை எழுதத் தூண்டியவன் ஒரு பத்தாம் வகுப்புப் பையன். 2024-ம் வருஷம் ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத் திடலைச் சுற்றிச் சென்னை வீதிகளிலேயே மோட்டார்ப் பந்தயம் நடந்ததல்லவா? முந்திய டிஸம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது; மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப் போட்டது. சுமார் மூன்றரை கிலோ மீட்டர் சுற்று. இரவில் பகல்போல் விளக்குகள். சர்க்கார் பணத்தில் இது தேவைதானா என்று கேட்டவர்கள் பலர். விவகாரம் ஹைகோர்ட்டு வரையில் போயிற்று. நமக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் பையன்களுக்கு அம்மாதிரிச் சந்தேகம் ஒன்றும் கிடையாது. திங்கட்கிழமை காலையில் வகுப்பு முழுவதும் அதே பேச்சு. அப்போதுதான் அந்தப் பையன் எழுந்து நின்று, "சார், கார் ரேஸ் நம்ம ஊருக்கு இப்பத்தான் முதல் முதலா வந்துதா?" என்று கேட்டான்.

"இல்லை, அப்பா! உன் தாத்தா காலத்திலேயே சோழவரத்தில் நடந்தது" என்றோம்.

"யார் சார் ஓட்டினாங்க? எந்தப் புஸ்தகத்திலே இருக்கு?"

முதல் கேள்விக்கு நாலைந்து பெயர்கள் சொன்னோம். இரண்டாவது கேள்விக்கு நம் பள்ளிக்கூடத்து நூல் நிலையம் முழுவதையும் புரட்டியும் விடை கிடைக்கவில்லை. இராயபுரத்துச் சிறுவனைக் கேட்டால் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச் சண்டைக்காரர்களின் வம்சாவளியை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். பக்கத்திலேயுள்ள சோழவரம் மட்டும் எப்படி அவன் நினைவிலிருந்து நழுவிற்று? இதைத் தெரிந்துகொள்ளும் பொருட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பௌதிகம் கற்பிக்கும் நண்பரையும் அழைத்துக்கொண்டு, இராயபுரத்திலிருந்து சோழவரம் வரையில் ஒரு யாத்திரை புறப்பட்டோம்.

மூன்றாவது ஆளாக நம்மோடு சேர்ந்துகொண்டவர், இராயபுரத்தில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர். நண்பருடைய ஸ்கூட்டருக்கு ஆஸ்தான வைத்தியர் அவர்தான். வாலிபத்தில் சோழவரத்துப் பந்தயங்களுக்குக் கையாளாகப் போய் வந்தவர் என்று கேள்விப்பட்டு அழைத்தோம். "பேரெல்லாம் போட வேணாம் சார். பொண்ணு திட்டும்" என்ற நிபந்தனையின்மேல் வந்தார். ஆகையால் இந்தக் கட்டுரையில் அவர் பெரியவர்தான்.

இராயபுரம் ரயில் நிலையத்தின் முன்னால் சற்று நின்றோம். தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடம் 1856-ல் திறக்கப்பட்டது. தென்னாட்டின் முதல் பிரயாணிகள் ரயில் வண்டி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இந்தியாவில் இன்று நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையதும் இதுவே. அதற்கு முன்னால் நம்மவர்களுக்குத் தெரிந்த அதிக பட்ச வேகம் குதிரையின் வேகம். மாட்டு வண்டியில் ராத்திரி முழுவதும் ஆடி ஆடிப் போன தூரத்தை வெயில் ஏறுவதற்குள் கடந்துவிட்ட அந்த முதல் பிரயாணிகள் என்ன நினைத்திருப்பார்கள்! மோட்டார் வந்த கதையும் அப்படித்தான். 1903-லேயே சிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் இந்தச் சென்னையில் ஒரு நீராவிக் காரைச் செய்து ஓட்டிக் காட்டினார். மோட்டாரை வாங்கி ஓட்டுவதோடு நிற்காமல், செய்து பார்க்க வேண்டும் என்கிற சபலம் இந்தப் பட்டணத்துக்கு ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டது.

அங்கிருந்து காசிமேடு வழியாகக் கடற்கரைச் சாலையில் ஏறினோம். ஏறினோம் என்று சொல்வதைவிட மாட்டிக்கொண்டோம் என்பது பொருந்தும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக அசையாமல் நின்றன. டிரைவர்களில் ஒருவர் லாரிக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்கிக் கொண்டிருந்தார். வேகத்தின் பிறப்பிடத்தைக் காட்டுகிறேன் என்று அழைத்து வந்த நம்மைப் பௌதிக நண்பர் பார்த்த பார்வையை வர்ணிக்க மாட்டோம்.

நின்ற நேரத்தில் ஒரு விஷயத்தை விளக்க முடிந்தது. படகுத் துறையில் கண்ணாடியிழைப் படகுகளின் பின்புறத்தில் மாட்டியிருக்கும் மோட்டார்களைக் காட்டி, "அமெரிக்காவில் இதைக் காரில் மாட்டிப் பந்தயம் ஓடினார்கள், தெரியுமா?" என்றோம். பெரியவர் நம்பவில்லை. ஆனால் அது உண்மை. 1933-ம் வருஷத்தில், அந்த நாட்டில் லட்சக் கணக்கானவர்கள் வேலையிழந்து தவித்த காலத்தில், காலிபோர்னியா மாகாணத்தில் ஒரு புது விளையாட்டுத் தோன்றிற்று. பெரிய பந்தயக் கார் வாங்கப் பணம் ஏது? ஆகவே பட்டறைக்காரர்கள் குட்டிக் கார்களைத் தாங்களே செய்தார்கள். படகு மோட்டாரோ மோட்டார் ஸைக்கிள் இயந்திரமோ எது கிடைத்ததோ அதைப் பூட்டினார்கள். ஓடுவதற்குத் தனிப் பாதையும் இல்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தைச் சுற்றியே ஓடினார்கள். 'மிட்ஜெட்' கார் என்று அதற்குப் பெயர். ஒரே ஆள் உட்காரும் இடம். மேலே கூரை கிடையாது. தானே கிளப்பிக்கொள்ளும் சாதனமும் கிடையாது. பின்னாலிருந்து தள்ளிவிட்டால்தான் கிளம்பும்.

"தள்ளி விடற வண்டியா? அப்ப நம்ம வண்டிதான் சார்!" என்றார் பெரியவர், முகம் மலர்ந்து.

அந்தக் குட்டிக் கார்களிலே தேறினவர்கள்தான் பிற்காலத்தில் இந்தியானாபொலிஸ் என்ற ஊரின் மாபெரும் 500 மைல் பந்தயத்தை வென்றார்கள். பில் வுகோவிச் என்பவர் 1953-லும் 1954-லும் அடுத்தடுத்து வென்றார். 1955-ல் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோதே விபத்தில் மாண்டார். அவரும் குட்டிக் காரில் பயின்றவர். அமெரிக்கர்கள் இதையெல்லாம் மறந்துவிடவில்லை. விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஸன் பிரெய்ரி என்னும் சிற்றூரில், பழைய பந்தயப் பாதையின் பக்கத்திலேயே, மிட்ஜெட் கார் வீரர்களுக்கென்று ஒரு கீர்த்தி மண்டபம் வைத்திருக்கிறார்கள். 1984-லிருந்து அங்கே பெயர்கள் சேர்க்கப்பட்டு வருகின்றன. அதில் நமக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ஓட்டினவர்களுடைய பெயர்களோடு, காரைச் செய்தவர்கள், இயந்திரத்தைப் பழுது பார்த்தவர்கள் பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன.

இதைக் கேட்டதும் பெரியவர் மௌனமாகி விட்டார். லாரிகள் நகர்ந்தன.

திருவொற்றியூரில் மெட்ரோ ரயில் நிலையம் ஒன்றுக்குத் 'தேரடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் யாரோ, அவர் வாழ்க! நூற்றுக் கணக்கான ஜனங்கள் வடம் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்துகிற தேரும், நாலு நிமிஷத்தில் அடுத்த ஊருக்குப் போகிற ரயிலும் ஒரே பெயரில் வசிக்கின்றன. இவ்விரண்டையும் லட்சியம் செய்யாமல், எங்கும் போக வேண்டியதில்லை என்று கடற்கரையில் பட்டினத்தார் ஸமாதி கொண்டிருக்கிறார். திருவொற்றியூரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் சுந்தரமூர்த்தி நாயனார், சங்கிலி நாச்சியார், வீணை குப்பையர் என்று கட்டுரை திசை திரும்பிவிடும். ஆகையால் நேரே மோட்டார் ஸைக்கிள் தொழிற்சாலைக்கு வந்து விடுவோம்.

'என்பீல்டு இந்தியா' ஸ்தாபனம் 1955-ல் ஏற்பட்டது. சென்னையைச் சேர்ந்த மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும், இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த ராயல் என்பீல்டு கம்பெனியும் கூடி ஆரம்பித்தவை. எல்லைப்புறத்தில் காவல் புரிய நமது ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் ஸைக்கிள் வேண்டியிருந்தது. 'புல்லட்' வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். சில வருஷங்களில் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1970-க்குள் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடப்பட்டுப் போயிற்று. திருவொற்றியூர்ப் பிள்ளையோ வளர்ந்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கே செய்த புல்லட் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. பிறந்த வீட்டில் விளக்கணைந்த பிறகு புகுந்த வீட்டிலிருந்து சீர் வரிசை போன கதை இது. இன்று உற்பத்தியில் பெரும் பகுதி தெற்கே ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது. ஆனாலும் சாலையில் எங்காவது புல்லட்டின் 'டப், டப்' என்ற சத்தம் கேட்டால் திருவொற்றியூர்க்காரர்கள் இன்னும் திரும்பிப் பார்க்கிறார்கள், தெருவில் தம் பிள்ளையின் குரல் கேட்ட தாயாரைப்போல.

இதற்கு ஏழு வருஷம் முந்தியது எண்ணூர்க் கதை. சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், 1948-ல், ரகுநந்தன் சரண் என்ற பஞ்சாபி தேசபக்தர் 'அசோக் மோட்டார்ஸ்' கம்பெனியைத் தொடங்கினார். புது தேசத்துக்குப் புதுத் தொழில்கள் வேண்டும் என்று நேருஜி ஊக்கியதன் பேரில் அவர் இதில் இறங்கியதாகச் சரித்திரம். 1949-ல் இங்கே ஆஸ்டின் ஏ-40 கார்கள் பூட்டப்பட்டு வெளிவந்தன. எண்ணூரில் கார் செய்தார்களா என்று கேட்டால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். 1955-ல் லேலண்டு கம்பெனியின் பெயரும் சேர்ந்து 'அசோக் லேலண்டு' ஆயிற்று; அது முதல் நமக்கு எண்ணூர் என்றால் லாரியும் பஸ்ஸும்தான்.

எண்ணூரில் கழிமுகத்தைப் பார்க்க இறங்கினோம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைகள் காற்று வாங்கப் படகேறி வந்த இடம். 2023 டிஸம்பரில், அதே மிக்ஜாம் வெள்ளத்தோடு, எண்ணெய் வந்து இந்தக் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. அலையாத்தி மரங்களின் அடி கறுத்தது. புயலால் தள்ளிப் போன பந்தயம் எட்டு மாதத்தில் நடந்துவிட்டது. வலையிழந்தவர்களின் கணக்கு அவ்வளவு சுலபமாகத் தீரக்கூடியதல்ல. வேகத்தைப் புகழ வந்த நாம் இதையும் சொல்லாமல் போவது நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மிடம் படித்த மாணவன் ஒருவன் இதே எண்ணூர்ச் சாலையில் வலது காலை இழந்தான். நடு இரவில், நண்பர்களோடு பந்தயம் போட்டு மோட்டார் ஸைக்கிள் ஓட்டினபோது நேர்ந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். கெட்ட பையன் அல்ல. கணக்கில் முதல் மார்க்கு வாங்கினவன். "சார், ரோட்லே ஓட்டாம வேற எங்கே சார் ஓட்டறது?" என்று கேட்டான். அந்தச் சமயத்தில் அவனைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை, பதிலும் வரவில்லை. ஆட்டோ ரிக்ஷாவிலும் மோட்டார் ஸைக்கிளிலும் இரவு நேரங்களில் திருட்டுத்தனமாகப் பந்தயம் ஓடுவதும், போலீஸார் துரத்துவதும், பத்திரிகையில் இரண்டு வரி வருவதும் நம் பக்கத்தில் புதிதல்ல. சோழவரத்தை நாம் தேடிப் போனதற்குப் பத்தாம் வகுப்புப் பையன் பாதிக் காரணம் என்றால், இந்தப் பையன் மறு பாதிக் காரணம்.

மேற்கே திரும்பினோம். மணலியில் 1969-ல் ஆரம்பித்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து பகலிலேயே எரிந்துகொண்டிருந்தது. மாதவரம் கடந்து, செங்குன்றத்து ஏரியைத் தாண்டி, கல்கத்தாவுக்குப் போகும் பழைய வடக்கு நெடுஞ்சாலையில் சோழவரம் சேர்ந்தபோது உச்சி வேளை.

சோழவரம் என்றதும் பட்டணத்து ஜனங்களுக்கு ஏரிதான் ஞாபகம் வரும். கோடையில் அது வற்றினால் குழாயும் வற்றும். ஆனால் இரண்டாம் உலக யுத்த காலத்தில் இவ்விடத்தில் ஒரு விமானத் தளமும் ஏற்பட்டது. ஜப்பான்காரன் வருகிறான் என்று 1942 ஏப்ரலில் சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதும், 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் உண்மையிலேயே வந்து குண்டு போட்டுவிட்டுப் போனதும் நம் பாட்டிமார் சொல்லிக் கேட்ட சங்கதிகள். யுத்தம் முடிந்தது. விமானங்கள் போயின. நீண்ட ஓடுபாதை மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது.

அதன் மேல் சிலருக்குக் கண் விழுந்தது. 1953-ல் 'மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்' ஏற்பட்டது. சோழவரத்து ஓடுபாதை பந்தயப் பாதையாக மாறியது. 1980-களின் இறுதி வரையில், சுமார் முப்பத்தைந்து வருஷ காலம், இந்திய தேசத்து மோட்டார்ப் பந்தயத்துக்குச் சோழவரம் ஒரு க்ஷேத்திரமாகவே விளங்கிற்று. கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கோண்டல் சமஸ்தானத்து மகாராஜகுமாரர் வந்தார். பின்னாளில் வேறு காரணங்களுக்காக உலகமெல்லாம் பெயர் அடிபட்ட விஜய் மல்லையா, 'என்ஸைன்' என்ற பழைய ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து இங்கே ஓட்டினார். கிளப்பை வளர்த்தவர்களில் ஒருவரான இந்து சாந்தோக்கின் குடும்பத்தில் மகன் விக்கியும் பந்தயக்காரர். பேரன் கருண் சாந்தோக் 2010-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்திலேயே ஓட்டினார்.

"அது சரி சார், ராஜா வண்டி சீமையிலேந்து வரும். மத்தவன் வண்டி எங்கேந்து வரும்?" என்று பெரியவர் கேட்டார். இதுதான் சோழவரத்தின் சாரமான கேள்வி. அந்நாளில் வெளிநாட்டுக் கார் ஒன்றை இறக்குமதி செய்ய லைஸென்ஸு பெறுவது, தவம் செய்து வரம் பெறுவதைப்போன்ற காரியம். உள் நாட்டிலோ அம்பாஸடர், பியட், நம் வண்டலூர்ப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றே ஜாதிக் கார்கள். மூன்றும் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போக லாயக்கானவை. இவற்றின் இயந்திரத்தைக் கழற்றி, குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டத்திலே பூட்டி, ஒரே ஆள் உட்காரும்படி தகடு வளைத்து மூடினால் அது பந்தயக் கார். காலிபோர்னியாக்காரன் படகு மோட்டாரை வைத்துச் செய்தானே, அதே வித்தை, அதே ஏழ்மை, அதே பிடிவாதம். அந்தக் குட்டிக் கார்கள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்றுக்குச் செய்த பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது.

பெரியவருடைய வேலை என்ன? பந்தயத்துக்கு முந்திய மூன்று ராத்திரிகள் பட்டறையில் தூங்காமல் இருப்பது. வால்வுகளைக் கையால் தேய்த்துத் தேய்த்து உட்கார வைப்பது. ஸிலிண்டர் தலையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் இழைத்து, பெட்ரோல் ஆவி முன்னிலும் அதிகமாக அமுங்கும்படி செய்வது. "ரெண்டு நூல் ஜாஸ்தி எளைச்சா எஞ்சின் போச்சு. ரெண்டு நூல் கம்மின்னா ரேஸ் போச்சு" என்றார். பௌதிக நண்பர் வகுப்பில் ஒரு மாத காலம் கற்பிக்கிற அமுக்கமும் வெப்பமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டன. நண்பர் உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டார்.

பந்தய நாளன்று ஜனங்கள் பஸ்ஸிலும் லாரியிலும் ஸைக்கிளிலும் கட்டுச் சோற்றோடு வந்து குவிவார்களாம். பல்லாயிரம் பேர். நேர்ப் பாதையில் விமானம்போல் பறந்து வருகிற வண்டி, கோடியில் திடீரென்று திரும்ப வேண்டும். அங்கேதான் கூட்டம் அதிகம். மோட்டார் ஸைக்கிள்களும் ஓடின. "திருவொத்தியூர் புல்லட் வந்துச்சுன்னா நம்ம ஆளுங்க போடற கூச்சல்லே காதே அடைச்சிடும்" என்றார் பெரியவர். ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும், வண்டி நம் ஊர் வண்டி!

இந்தக் கைத்தொழில் பரம்பரையில் ஒரு பெயரை மட்டும் விசேஷமாகச் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூர் ஆலைக் குடும்பம் ஒன்றில் பிறந்த சு. கரிவரதன் சோழவரத்தில் ஓட்டிப் பெயர் வாங்கியவர். ஓட்டுகிறவர் என்பதைக் காட்டிலும் செய்கிறவர் என்பதே அவருடைய பெருமை. பணக்காரர்கள் மட்டும் விளையாடும் விளையாட்டாக இது இருந்தால் உருப்படாது என்று கண்டுகொண்டார். 1980-களில் மாருதிக் கார் வந்ததும், அதன் எண்ணூறு சி.ஸி.க்கும் குறைந்த சின்னஞ் சிறு இயந்திரத்தை எடுத்து, ஒரே மாதிரியான குட்டிப் பந்தயக் கார்களாகச் செய்தார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர். எல்லாருக்கும் ஒரே வண்டி. ஆகையால் பணத்தின் வித்தியாசம் போய்க் கையின் வித்தியாசம் மட்டும் நின்றது. நம் நாட்டு மிட்ஜெட் கார் என்று எதையாவது சொல்லலாமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். 1995-ல் விமான விபத்தில் அவர் காலமானார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயப் பாதைக்குக் 'கரி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குட்டிக் காரில் பழகின கோவைப் பையன் ஒருவர், நாராயண் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் புகுந்த முதல் இந்தியர் ஆனார். அதே வருஷம் ஜூன் மாதத்தில் அமெரிக்கப் பந்தயத்தில் நாலாவதாக வந்து, புள்ளிகள் பெற்ற முதல் இந்தியர் என்ற கீர்த்தியும் அடைந்தார். டயர்த் தகராறினால் மற்றவர்கள் விலகிக்கொண்டு ஆறே கார்கள் ஓடின பந்தயம் அது; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பந்தயம் நடந்த ஊர் எது, தெரியுமோ? இந்தியானாபொலிஸ்! குட்டிக் காரில் பயின்ற வுகோவிச் வென்ற அதே களத்துக்கு, குட்டிக் காரில் பயின்ற நம்மவரும் போய்ச் சேர்ந்தார்.

1990-ல் ஸ்ரீபெரும்பூதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பார் சொந்தமாக ஒழுங்கான பந்தயப் பாதை அமைத்தார்கள். அது நல்ல காரியம்தான். ஓட்டுகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் பத்திரம். ஆனால் பந்தயம் வடக்கேயிருந்து தெற்கே போய்விட்டது. பட்டறையிலிருந்து பஸ் ஏறிப் போன பையன்களுக்குத் தூரமாகிவிட்டது. 2024-ல் தீவுத் திடலைச் சுற்றி ஓடிய ஃபார்முலா நாலு கார்களின் சட்டமும் இயந்திரமும் பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்தவை. அழகான வண்டிகள், குறை சொல்வதற்கில்லை. அவற்றில் இரண்டு நூல் இழைக்க நம் பெரியவருக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

பழைய ஓடுபாதையின் திசையில் சாலையோரமாக நின்றோம். உள்ளே போகும் உத்தேசம் நமக்கு இல்லை. வழியில் நம் கண்ணில் பட்ட வரையில், இங்கே இன்னது நடந்தது என்று சொல்லும் பலகையோ கல்லோ ஒன்றும் காணோம். வெயிலில் இரண்டு ஆடுகள் மேய்ந்து கொண்டிருந்தன. நெடுஞ்சாலையில் ஆந்திர தேசத்து லாரிகள் இரைந்துகொண்டு ஓடின; அவற்றுள் எத்தனை எண்ணூரில் பிறந்தவையோ!

பெரியவர் கையை நெற்றிக்குக் குடை பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த அமெரிக்காக்காரன் மெக்கானிக்கு பேரெல்லாம் எழுதி வைச்சிருக்கான்னு சொன்னீங்களே, நெஜந்தானா சார்?" என்று கேட்டார்.

"நிஜந்தான்."

"அப்ப எழுதிக்கோங்க" என்றார்.

நண்பர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார். பெயர், பட்டறை இருந்த தெரு, எந்த வண்டிக்கு வேலை செய்தார், உயிரோடிருக்கிறாரா இல்லையா, இப்படி. பற்றவைப்பதில் கெட்டிக்காரர் ஒருவர். தகடு வளைப்பவர் ஒருவர். தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டு முடிந்து நேரே பட்டறைக்கு வந்து, உதவிவிட்டு, மறுபடியும் ஷிப்டுக்குப் போனவர் ஒருவர். அவர்களுடைய வீட்டாரின் சம்மதம் கேளாமல் அந்தப் பெயர்களை இங்கே அச்சிடுவது முறையல்ல. நோட்டுப் புத்தகம் இப்போது நம் பள்ளிக்கூடத்து நூல் நிலையத்தில் இருக்கிறது. அந்தப் பத்தாம் வகுப்புப் பையன்தான் அதைத் தெருத் தெருவாக எடுத்துப் போய் விவரங்களைச் சரி பார்த்து வருகிறான்.

பதினான்காவது ஆளிடம் வந்ததும் பெரியவர் தயங்கினார். வெகு நேரம் யோசித்தார்.

"இவன் பேரு தெரியாது சார். எல்லாரும் கார்புரேட்டர்னுதான் கூப்பிடுவோம். சின்னப் பையன். வண்டியைத் தள்ளி விட்டுட்டுப் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடுவான்."

நண்பர் 14 என்று இலக்கமிட்டு, 'கார்புரேட்டர்' என்று எழுதிக்கொண்டு, "அடுத்தது?" என்றார்.